பிடி அரிசியும் மருத்துவக் கல்லூரியும்

மலாயாவின் கிழக்குக் கரையில் இருக்கும் மெர்சிங்கை விட்டு நான் நடந்துகொண்டிருந்தேன். கருவாட்டுக் கொட்டகையில் பார்த்த வேலையை விட்டாயிற்று. பெரிய காரணம் ஒன்றுமில்லை. மழைக்காலம் பிறந்துவிட்டது, படகுகள் கடலுக்குப் போகவில்லை, மீன் இல்லாத கொட்டகையில் எனக்கு என்ன வேலை? முதலாளி போகச் சொல்வதற்கு முன் நானே கிளம்பிவிட்டேன். அதற்கு முன்னால் ரப்பர் வெட்டியிருக்கிறேன். ரயில் பாதைக்குக் கல் உடைத்திருக்கிறேன். பொந்தியானில் கொப்பரை காயவைத்திருக்கிறேன். எதிலும் நிலைத்ததில்லை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும் போதும் என்று எழுந்து வந்துவிட்டவன்.

கோத்தா திங்கிக்கு அருகே செம்மண் சாலையில் ஒரு மாட்டு வண்டி அச்சு முறிந்து சாய்ந்து கிடந்தது. வண்டிக்காரர் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெள்ளைச் சேலையும் ஆண்பிள்ளைச் செருப்புமாக ஒரு அம்மாள், கறுப்புக் குடையை அரிசி மூட்டைகளுக்குப் பிடித்துக்கொண்டு, தான் மழையில் நின்றிருந்தார்.

“தம்பி, எங்க போறீங்க?”

“தெரியலைங்க.”

“அப்ப ஜொகூர் பாருக்கே போங்க. சும்மா நடக்கிறதுக்கு இந்த மூட்டையையும் தூக்கிட்டு நடங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. தூக்கினேன். இப்படித்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன்.

இப்போது அந்த அம்மாளின் பிள்ளைகள் விடுதியில் வேலை செய்யும் இளையவர்கள், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்ப உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். நல்ல காரியம். அது இல்லாத காலத்தில் எப்படி அனுப்பினீர்கள் என்று என்னைக் கேட்டார்கள். வாயால் சொன்னால் அங்குமிங்கும் போய்விடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

அந்த அம்மாளின் பெயர் ஞானம்மா. தெப்ராவ் சாலையில் ஒரு பழைய மரவீட்டில் பிள்ளைகள் விடுதியை நடத்திவந்தார். அந்த நாளில் ரப்பர் தோட்டங்களில் காய்ச்சல் வந்தால் லயம் என்ற கூலிகளின் வரிசை வீடுகளில் புருஷன் பெண்சாதி இரண்டு பேரையும் சேர்த்துக் கொண்டுபோகும். மிஞ்சிய பிள்ளையைப் பக்கத்து வீட்டார் கொஞ்ச நாள் வைத்திருப்பார்கள். பிறகு அம்மாவிடம் வரும். வீட்டையும் பள்ளிக்கூடச் சம்பளத்தையும் கிறிஸ்தவ மிஷன் பார்த்துக்கொண்டது. சாப்பாடு எங்கள் பாடு. பெரிய பிள்ளைகள் வெளியூரில் தங்கிப் படித்தால் அந்தச் சாப்பாடும் எங்கள் பாடுதான்.

அதற்கு அம்மா கண்ட வழி பிடி அரிசி. ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புப் பக்கம் ஒரு பால் டின் தொங்கும். உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அந்த டின்னில் போட்டுவிட வேண்டும். மாதம் ஒரு முறை நான் போய் எடுத்துவருவேன். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் புழுங்கல் அரிசியும் பச்சரிசியும் ஒரே சாக்கில் விழுந்தால் ஒன்று குழையும், மற்றது வேகாது. அதனால் இரண்டு சாக்கு. பழைய அரிசியும் புது அரிசியும் கலந்தால் அதே கதைதான். அதனால் சாக்குக்குள் சின்னப் பைகள். மழைக்காலத்தில் எண்ணெய்த்துணி போட்டுக் கட்டி, அதற்குமேல் வாழைச் சருகு. காலில் அட்டை ஏறினால் சாக்கை இறக்கக்கூடாது. ஈரத்தரையில் வைத்த சாக்கு மூன்றாம் நாள் நாறும். அட்டை குடித்துவிட்டுத் தானாக விழும் வரை நடக்க வேண்டியதுதான்.

நான் கொண்டுவந்த ஒவ்வொரு பையிலிருந்தும் அம்மா ஒரு அரிசியை எடுத்து முன்பல்லால் கடித்துப் பார்ப்பார். “இது நனைஞ்சிருக்கு. முதல்ல இதை ஆக்குங்க” என்பார். உட்கார்ந்து அவரை நான் பார்த்ததில்லை. கடிதம்கூட நின்றுகொண்டே, ஜன்னல் கட்டையில் தாளை வைத்து எழுதுவார். யாரிடமும் கெஞ்சமாட்டார், யாருக்கும் நன்றி சொல்லமாட்டார். முதல் தடவை நான் தோட்டத்துக்குக் கிளம்பியபோது, “அரிசி போட்டவங்களுக்கு என்னம்மா சொல்லணும்?” என்று கேட்டேன்.

“நன்றி சொன்னா அதோட முடிஞ்சு போயிரும் முனியாண்டி. சேதி சொல்லுங்க. அவங்க அரிசி என்ன படிக்குதுன்னு சொல்லுங்க.”

அதுதான் எங்கள் சட்டம். எந்தத் தோட்டத்து அரிசி எந்தப் பிள்ளைக்கு என்று பிரித்து வைத்திருந்தோம். நான் லயத்துக்குள் நுழைந்ததும் பெண்கள் டின்னோடு வருவார்கள்.

“நம்ம அந்தோணி எப்படி இருக்கான்?”

“கணக்குல முதல்.”

“இங்கிலீசு?”

“அதுல கொஞ்சம் இழுக்குது.”

“அலமாக்! நாங்க நல்ல அரிசியாத்தான போட்டோம்!”

அந்தோணி பிறகு ஆசிரியர் பயிற்சிக்குப் போய் வாத்தியாரானான். அந்தச் செய்தியை நான் கொண்டுபோன நாளில், ஒரு கிழவர் தன் பேரனின் முதுகில் ஒன்று வைத்து, “பாருடா, நாம போட்ட அரிசி வாத்தியாராயிருச்சு, நம்ம வீட்டுல தின்னது தூங்குது” என்றார்.

எல்லோரும் ஒத்துவரவில்லை. பொந்தியான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி வழியை மறித்தார். “யாரு பெத்த பிள்ளையோ, அதுக்கு எதுக்குய்யா காலேஜு? எங்க பிள்ளைங்களே ரப்பர் பால் வாளி தூக்குதுங்க” என்றார். நியாயமான கேள்விதான். நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கையில் டின்னோடு நின்ற ஒரு பெண் சொன்னாள்: “நாளைக்கு எனக்கு ஏதாச்சும் ஆனா என் பிள்ளையும் அங்கதான போவும் கங்காணி? நீங்களா வளப்பீங்க?” அவர் வழியை விட்டார்.

அம்மாவின் இன்னொரு முறையையும் சொல்ல வேண்டும். பரீட்சை எழுதும் பிள்ளைகள் மாலையில் என்னை உட்காரவைத்து அன்றைய பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எனக்குப் புரியாவிட்டால் அவர்களுக்குச் சாப்பாட்டு மணி அடிக்காது. “இவருக்கே புரிஞ்சிருச்சுன்னா பேப்பர் திருத்துறவனுக்குப் புரியாதா?” என்பார் அம்மா. இப்படித்தான் நான் பூமி சுற்றுவதையும், மழை எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொண்டேன். பசியில் இருக்கும் பிள்ளைகள் மிகத் தெளிவாகச் சொல்லித்தருவார்கள்.

அதில் கெட்டிக்காரி பாக்கியம். தாய் தகப்பன் காய்ச்சலில் போனபோது அவளுக்கு நடை வந்த புதிது. இடுப்பில் அரைஞாணோடு வந்தவள், கான்வென்ட் பள்ளியில் படித்து சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதும் வரை வந்துவிட்டாள். இதயம் இரத்தத்தை எப்படித் தள்ளுகிறது என்பதை ஒரு நாள் எனக்கு விளக்கினாள். ஈரத்துணியைச் சுருட்டி என் கையில் கொடுத்து, “பிழிங்க அரிசி மாமா. விடுங்க. பிழிங்க. விடுங்க. இதை நீங்க பொறந்ததுலேருந்து நிறுத்தல” என்றாள். பிள்ளைகள் எல்லாம் என்னை அரிசி மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று மணி சீக்கிரமே அடித்தது.

பாக்கியம் தேறினாள். சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. தோட்டத்துப் பெண் பிள்ளை டாக்டருக்குப் படிப்பதை நாங்கள் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. அவள் தங்க வீடு வேண்டும். சிங்கப்பூரிலேயே இருக்கும் ஒருவர் கார்டியனாக, அவளுக்குப் பொறுப்பாளராக, கையெழுத்திட வேண்டும். அம்மா பலருக்கு எழுதினார். சிராங்கூன் ரோட்டில் இருந்த வேலாயுதம் ஒப்புக்கொண்டார். துறைமுகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். மனைவி தங்கம்மா. நல்ல குடும்பம். கையெழுத்தும் போடுவார்கள், வீட்டிலும் வைத்துக்கொள்வார்கள். சாப்பாட்டுக்கு நாங்கள் அரிசி கொடுப்பது என்று ஏற்பாடு.

பெயர் பதியும் கடைசி நாளுக்கு முந்தின நாள் நானும் பாக்கியமும் ரயிலில் ஜொகூர்ப் பாலத்தைக் கடந்தோம். கூடவே அரிசி மூட்டைகள். முதல் மூட்டையோடு அவளை வேலாயுதம் வீட்டில் விட்டுவிட்டு, மற்றதை எடுத்துவர ஸ்டேஷனுக்குத் திரும்பினேன்.

மூட்டையோடு வந்தபோது வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன. உள்ளே நெய் வாசனை. பாக்கியம் பலகையில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தலை நிறைய மல்லிகை. நெற்றியில் குங்குமம். மடியில் ஒரு தட்டு. அதில் பட்டுச்சேலை, தேங்காய், வெற்றிலை. சுற்றிலும் அக்கம்பக்கத்துப் பெண்கள்.

“மாமா, பாருங்க! அத்தை எனக்குப் பூ வச்சு விட்டாங்க!” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

எங்கள் விடுதியில் யாரும் பூ வைப்பதில்லை. பேன் தொல்லைக்குப் பயந்து அம்மா பிள்ளைகளுக்கு எண்ணெய் தடவி இறுக்கப் பின்னிவிடுவதோடு சரி. வளர்ந்த பெண்களுக்கு உலகத்தில் உள்ளதெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒரு வீட்டார் கூட்டம் கூட்டிப் பெண்ணின் தலையில் பூ வைத்துச் சேலை கொடுத்தால் அது நிச்சயம் செய்வது என்று சொல்லித்தர மட்டும் அங்கே யாருக்கும் தோன்றவில்லை. மற்ற பெண்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். அக்காவுக்கும் சித்திக்கும் நடப்பதைப் பார்த்தே தெரிந்துவிடும். பாக்கியத்துக்கு அக்காவும் இல்லை, சித்தியும் இல்லை.

மூட்டையை இறக்காமலே கேட்டேன். “யாருக்கும்மா பொண்ணு பாத்திருக்கீங்க?”

“என்னங்க இப்படிக் கேக்கிறீங்க? எங்க பையன் நடராசனுக்குத்தான்” என்றார் தங்கம்மா. “நீங்கதான் சீர் அரிசியோட கொண்டாந்து விட்டீங்களே.”

“அது சாப்பாட்டு அரிசிம்மா. இது படிக்க வந்த பொண்ணு.”

“படிக்கத்தான் சொன்னாங்க, இல்லைங்கல. ஆனா மூட்டை அரிசியோட ஒரு வயசுப் பொண்ணு வீட்டுப் படி ஏறினா என்னன்னு நினைப்பாங்க? கேட்கக் கூச்சப்பட்டுக்கிட்டு இப்படி அனுப்புறாங்கன்னு நினைச்சோம்.”

பின்னால் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேலாயுதம் சிரிக்கவில்லை. என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: “சரி, தப்பாவே புரிஞ்சிக்கிட்டோம். இப்ப என்ன? பூ வச்சாச்சு, நாலு பேரு பாத்தாச்சு. பையன் கவர்மெண்ட் ஆபீஸ்ல கிளார்க். அநாதைப் பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் வருமா? தையில கல்யாணத்த முடிச்சிருவோம். அப்புறம் படிப்பு எதுக்கு?”

“படிப்பு முடியட்டுங்க, அப்புறம் பேசலாம்.”

“அதுவரைக்கும் எங்க பையன் உக்காந்திருப்பானா?”

“பொண்ணு பக்கத்துல யாருங்க சரின்னு சொன்னா?”

“அவளுக்குப் பக்கம்னு யாருய்யா இருக்கா?”

குத்திக்காட்ட அவர் அப்படிக் கேட்கவில்லை. உள்ளதைத்தான் கேட்டார். தோள் வலித்தது. மூட்டையை அவர் முன்னால் இறக்கினேன்.

“இதாங்க பொண்ணு பக்கம். இதுல ஒவ்வொரு பிடியும் ஒரு வீடு. தன் பிள்ளை தட்டுல குறைச்சுட்டு இதுல போட்டிருக்காங்க. அடுத்த மாசம் போனா, எங்க டாக்டர் எப்படி இருக்குன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க.”

பாக்கியம் தங்கம்மாவைப் பார்த்தாள். “அத்தை, பூ வச்சா கல்யாணமா?”

“ஆமா கண்ணு.”

“எனக்குத் தெரியாது அத்தை. நிசமாவே தெரியாது.” அவள் எழுந்தாள். தட்டை இரண்டு கையாலும் எடுத்துத் தங்கம்மாவின் மடியில் வைத்தாள். “சேலை உங்க மருமகளுக்கு. பூவை மட்டும் நான் வச்சிக்கிறேன். இதுவரைக்கும் எனக்கு யாரும் வச்சதில்ல.”

தங்கம்மா அழுதுவிட்டார். “இருக்கட்டும்மா. எடுக்காத. அது பாட்டுக்கு வாடட்டும்” என்றார்.

வேலாயுதம் வாசல் வரை வந்தார். கோபமெல்லாம் இல்லை; அவமானம்தான் இருந்தது. “தப்பா நினைக்காதீங்க. இவ்வளவு ஆனப்புறம் இந்தப் பொண்ண எங்க வீட்டுல வச்சிக்க முடியாது. நாளைக்குக் கையெழுத்துக்கும் நான் வரமாட்டேன். ஊரு என்னன்னு பேசும்?” அவரைக் குறை சொல்ல முடியாது.

மூட்டைகளோடு போய், கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண்கள் விடுதியில் பாக்கியத்துக்கு இடம் கேட்டேன். கொடுத்தார்கள். அரிசியை எடைபோட்டு உள்ளே எடுத்துக்கொண்டார்கள். யாரும் அதைச் சீர் என்று நினைக்கவில்லை. இனிக் கார்டியன்தான் வேண்டும். எனக்குச் சிங்கப்பூரில் வேறு ஒருவரையும் தெரியாது. பொழுது சாய்வதற்குள் இரண்டு பேரும் கல்லூரி அலுவலகத்துக்கு ஓடினோம்.

கிளார்க் யாழ்ப்பாணத்துக்காரர். பொறுமையான மனிதர்.

“கார்டியன் சிங்கப்பூரில இருக்க வேணும். நிரந்தர வேலை வேணும், விலாசம் வேணும். நாளைக்குப் பத்து மணிக்குள்ள வராட்டில் இடம் அடுத்த ஆளுக்குப் போயிடும். உமக்கு என்ன வேலை?”

“அரிசி தூக்குறதுங்க.”

“எங்க இருக்கிறீர்?”

“தோட்டம் தோட்டமா நடந்துக்கிட்டு இருப்பேங்க.”

“அது விலாசம் இல்லைத் தம்பி.”

பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நேரத்தில் ஒரு ஆள் துணிமூட்டையும் கையுமாக அலுவலகத்துக்குள் வந்தான். மேசையில் சாவிக்கொத்து ஒன்றை வீசிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். கிளார்க் தலையில் கை வைத்தார். “இவனும் போறான்!”

“யாருங்க அது?”

“பிணம் அறுத்துப் படிக்கிற ஹால் இருக்கெல்லோ, அங்க மேசை கழுவுற ஆள். ஒருத்தரும் நிக்கிறதில்லை. மணம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். சாதி சனம் வீட்டுக்குள்ள விடாதெண்டு சொல்லி ஓடுறாங்கள்.”

“நிரந்தர வேலைதானுங்களா?”

“ஆள்தான் நிரந்தரமில்லை.”

“தங்க இடம்?”

“ஹாலுக்குப் பின்னால ஒரு அறை.”

“அதுக்கு விலாசம் உண்டுங்களா?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பாக்கியத்தைப் பார்த்தார். சாவிக்கொத்தை என் பக்கம் மெல்லத் தள்ளினார். “விடிய ஆறு மணிக்கு வாரும்.”

வெளியே வந்ததும் பாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாம் மாமா. உங்களால ஒரு இடத்துல இருக்க முடியாது. அம்மாவே சொல்லுவாங்க.”

“நீ உள்ள போய்ப் படி. நான் இருக்கிறதும் இல்லாததும் என் பாடு.”

“அப்ப அரிசி?”

அது எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். புதிய ஆள் கிடைக்கும் வரை அம்மாவே தோட்டங்களுக்குப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பாக்கியம் கல்லூரியில் சேர்ந்த செய்தியை அவர் சொன்னதும், பொந்தியான் தோட்டத்தில் மாரியம்மன் கோவில் மேளத்தை எடுத்துவந்து லயத்து வாசலில் அடித்தார்களாம். வழி மறித்த கங்காணிதான் முன்னால் நின்று ஆடினாராம். பாக்கியம் முழுப் படிப்பையும் முடித்து டாக்டரானாள். அதற்குப் பிறகு எங்கள் விடுதியிலிருந்து கல்லூரிக்குப் போனவர்களை எண்ணிச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குக் கார்டியன் என்று இருப்பது என் கையெழுத்துதான். அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சாவியை வாங்கிய மறுநாள் காலை மட்டும் யாருக்கும் தெரியாது.

ஆறு மணிக்குப் போனேன். வேலை தர வேண்டிய வெள்ளைக்காரர் என் கைகளைப் பார்த்தார்; போதும் என்றார். அந்த அறையின் விலாசத்தைக் கிளார்க் எழுதிக்கொண்டார். பத்து மணிக்கு முன்பே பாக்கியம் வந்துவிட்டாள். தலையில் முந்தின நாள் பூ வாடிக் கிடந்தது.

“உறவு என்னெண்டு எழுத?” என்று கிளார்க் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: “தாய்மாமன்.”

எழுத்துக் கூட்டி என் பெயரை எழுதினேன். அவள் வகுப்புக்குப் போனாள். இரசாயனம், தாவரம் எல்லாம் படித்துவிட்டுத்தான் அந்த ஹாலுக்கு வருவார்கள், அதற்கு ஒரு வருஷம் ஆகும் என்றார் கிளார்க். நான் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தேன். வாடை முகத்தில் அடித்தது. கருவாட்டுக் கொட்டகையில் இருந்தவனுக்கு அது பெரிதில்லை. மேசைகளின் மேல் துணி போர்த்தியிருந்தார்கள். அவள் வந்து நிற்கும்போது எந்த மேசை கிடைக்குமோ தெரியாது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி கழுவிவைக்க வேண்டும். ஜன்னல்களை விரியத் திறந்துவிட்டு, வாளியில் தண்ணீர் பிடித்துவந்து, முதல் மேசையில் ஊற்றினேன்.